காடும் காப்பியும்: கிழக்குத் தொடர்ச்சி மலைச் சிறு விவசாயிகள் வரலாற்றில் சில சொற்கள்

காப்பி விளையும் மாவட்டங்களின் வரிசையில் சித்தூரும் திருப்பதியும் வைத்து எண்ணப்படுவதில்லை. சேஷாசலம், நகரி முதலிய மலைகள் கிழக்குத் தொடர்ச்சியின் வறண்ட பகுதியைச் சேர்ந்தவை. ஆயினும் இம்மலைத்தொடரின் காப்பி வரலாற்றைச் சொற்களின் வழியே ஆராய முற்படுவோர்க்குச் சித்தூர் தக்கதொரு தொடக்கமாகும். வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் 1911 வரை சித்தூரில் இருந்தது. ஜவ்வாது மலையில் வாழ்ந்த தமிழ் பேசும் குடிகளின் நிலமும் வரியும் இவ்வூர்க் கலெக்டர் அலுவலகத் தாள்களிலேயே பதிவாயின. 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில், பல வீடுகளில் ஒரே கூடத்தில், பேசப்படும் பகுதி இது. மொழியெல்லை மலைத்தொடரைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இடமும் இதுவே.

இவ்வெட்டுக்கு வடக்கே நெடுந்தொலைவில் அரக்கு, பாடேரு மலைகளில் பழங்குடி விவசாயிகள் காப்பி பயிரிடுகின்றனர். தெற்கே சேர்வராயன் மலை, கொல்லிமலை, கீழ்ப்பழனி மலை ஆகியவற்றிலும் சிறு நிலமுடையோர் காப்பி பயிரிடுகின்றனர். பயிர் ஒன்று, அதனை மேற்பார்க்கும் காப்பி வாரியமும் ஒன்று. ஆனால் அவர்களைக் குறிக்கும் சொற்கள் வேறு. அவர்களைக் காக்கும், அல்லது காவாது விடும், சட்டங்களும் வேறு. மலைச் சிறு விவசாயியின் இடர்களைப் பேசுவோர் விலை, நோய், ஆள் பற்றாக்குறை ஆகிய மூன்றையே பெரும்பாலும் கூறுவர். அவை மெய்யே. அவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்து எண்ணுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. காப்பித் தொழிலின் சொற்கள் அனைத்தும் பெருந்தோட்டத்திற்காகப் பிறந்தவை. சிறு விவசாயி அச்சொற்களைப் பெற்றார். அவை குறிக்கும் பொருள்களைப் பெறவில்லை.

காப்பி, கோப்பி, குளம்பி

அரபு மொழியின் கஹ்வா என்னும் சொல் துருக்கி வழியாக ஐரோப்பிய மொழிகளுள் புகுந்து, அங்கிருந்து இருவேறு வாயில்களால் தமிழுக்கு வந்தது. ஆங்கில வாயிலால் வந்தது காப்பி. டச்சு வாயிலால் வந்தது இலங்கைத் தமிழின் கோப்பி. முதலுயிரின் வேறுபாடு இரு குடியேற்ற ஆட்சிகளின் வேறுபாட்டை இன்றும் காட்டி நிற்கிறது. தனித்தமிழ் ஆர்வலர்கள் கொட்டையின் வடிவம் விலங்கின் குளம்பை ஒத்திருத்தல் கருதிக் குளம்பி என்றொரு சொல்லை ஆக்கினர். அது நகரத்துக் கடைப் பலகைகள் சிலவற்றில் ஏறியது, மலையேறவில்லை. இதில் வியப்பில்லை. பருகுவோரின் பார்வையில் ஆக்கப்பட்ட சொல், பயிரிடுவோருக்கு எப்பயனும் தருவதன்று. தமிழகத்தில் காப்பியின் பண்பாட்டு வரலாறும் பெரும்பாலும் பருகுவோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூல் நடுத்தர வகுப்பாரின் கூடத்திலும் காப்பிக் கிளப்பிலும் நிகழ்ந்த மாற்றங்களைச் சிறப்புற விளக்குகிறது. அக்கோப்பைக்குப் பின்னிருந்த மலையின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

சேர்வராயன் மலையில் காப்பி 1820 அளவில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பாரால் கொண்டுவரப்பட்டது. இலங்கையில் ஜார்ஜ் பேர்ட் என்பார் கம்பளைக்கு அருகே தோட்டம் தொடங்கியது 1824இல். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தன. ஆனால் இலங்கை விரைந்து வளர்ந்தது. சேர்வராயன் சிறிதாகவே நின்றது. இலங்கையின் காப்பி ஏற்றுமதியில் கணிசமான பகுதி ஒரு காலத்தில் கண்டிச் சிங்களக் குடியானவர்களின் வீட்டுக் கொல்லைகளிலிருந்து வந்தது என்பது பலரும் மறந்துபோன செய்தி. சிறு விளைவு காப்பிக்குப் புதிதன்று. அது தொடக்கத்திலேயே இருந்தது. ஆயினும் தொழிலின் சொற்களைப் படைத்தவை அக்கொல்லைகள் அல்ல.

ஏவல் ஒருமை

சொற்களைப் படைத்தது தோட்டம். தென்னாட்டு மாவட்டங்களிலிருந்து இராமேசுவரம், மன்னார் வழியாக நடந்து சென்ற தமிழர்கள் இலங்கைத் தோட்டங்களில் உழைத்தனர். காப்பிக்கு ஆள்தேவை அறுவடைப் பருவத்தில்தான் மிகுதி. ஆதலின் அவர்களிற் பலர் பருவந்தோறும் சென்று மீண்டனர். துரை, சின்னத்துரை, கங்காணி, கணக்குப்பிள்ளை, லயம், பெரட்டு, துண்டு என்னும் சொற்கள் அவர்களோடு கடல் கடந்து போயும் வந்தும் தென்னிந்திய மலைகளிலும் நிலைத்தன. பெரட்டு என்பது காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் அணிவகுப்பு. துண்டு என்பது தொழிலாளி தீர்க்க வேண்டிய கடனை எழுதிய சீட்டு. அதனைக் காட்டியே ஒரு தோட்டம் மற்றொரு தோட்டத்திலிருந்து ஆளைப் பெற்றது. இலங்கையில் அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. செடியைக் கத்தரிப்பதற்குக் கவாத்து என்னும் சொல் வழங்குகிறது. படைப்பயிற்சியைக் குறிக்கும் உருதுவழிச் சொல்லும் தமிழில் கவாத்தே. ஒலியொற்றுமை மட்டுமே எனினும், பெரட்டும் கவாத்தும் ஒரே காலையில் வழங்கிய இடத்தில் அவ்வொற்றுமை பொருத்தமற்றதாகத் தோன்றாது.

துரைமார் தமிழ் கற்பதற்கென்று கையடக்க நூல்கள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஏ. எம். பெர்கூசன் இளையவர் வெளியிட்ட நூலின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்சு வெளியிட்டது 'கூலித் தமிழ்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பினது. மொழியியலார்க்கு இவை அரிய சான்றுகள். தோட்டப் பேச்சின் ஒலிவடிவங்கள் பிற ஆவணங்களில் இவ்வளவு நெருக்கமாகக் கிடைப்பதில்லை. அதே வேளையில் அவற்றின் இலக்கணம் எதனைத் தெரிந்தெடுக்கிறது என்பது நோக்கத்தக்கது. வினையின் எல்லா வடிவங்களுள்ளும் முதலிடம் பெறுவது மரியாதை விகுதியற்ற ஏவல் ஒருமை. 'வாருங்கள்' என்பதன் தேவை அக்கற்போருக்கு எழவில்லை. காப்பித் தமிழ் எழுத்தேறிய முதற்கணத்திலேயே ஒரு திசையில் மட்டும் பாயும் மொழியாக அமைந்துவிட்டது: மேலிருந்து கீழ்.

இதற்கு விலக்காக ஒரு நூலைக் குறிப்பிடலாம். தோட்டத்தில் கண்டக்டராகப் பணியாற்றிய ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது. காப்பிச் சாகுபடியைத் தமிழில், அதுவும் கும்மி யாப்பில், சொல்ல முற்பட்ட முயற்சி அது. பயிர்த்தொழிற் சொற்களைத் தமிழ் மரபுக்குள் கொண்டுவர இயலும் என்பதற்கு அதுவே போதிய சான்று. காலம் அம்முயற்சிக்கு இடந்தரவில்லை. அதே 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்கென ஆகிய சொற்கள் தேயிலைக்குப் பணிமாறின.

துரை என்னும் சொல் பற்றி இங்கே ஒன்று கூறுதல் தகும். அதன் தெலுங்கு இணை தொர. தமிழ் மலைகளில் துரை என்றால் தோட்ட முதலாளி, முதலில் வெள்ளையர், பின்னர் அவர் இடத்திற்கு வந்தவர். ஆனால் விசாகப்பட்டினத்து மலைகளில் கொண்ட தொர என்பது ஒரு பழங்குடியின் பெயர். 'மலைத்துரை' என்பது அதன் நேர்பொருள். அரக்குப் பகுதியில் காப்பி பயிரிடும் குடிகளுள் அவர்களும் உளர். ஒரே சொல் ஒரு மலையில் பெருந்தோட்ட உடைமையாளரையும் மற்றொரு மலையில் சிறு விவசாயியையும் சுட்டுகிறது. இரு மொழியும் அறிந்த சித்தூர்க்காரர் ஒருவர் இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புன்னகைக்கவே செய்வார்.

மலையாளியும் தரிசும்

சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, ஜவ்வாது ஆகிய மலைகளின் குடிகள் மலையாளி எனப்படுவோர். தாம் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் என்பது அவர்கள் மரபுவழிக் கதை. அவர்கள் பேசுவது தமிழ். மலை ஆளி, அதாவது மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருள். கேரளத்தாரைக் குறிக்கும் பெயரோடு இது ஒலியால் ஒன்றுபடுவதால், ஆங்கிலத்தில் பெயர்ப்போர் அடிக்குறிப்பின்றி எழுதும்போதெல்லாம் சேலத்து மலைப்பழங்குடி கேரளத்துக் குடியேறிகளாகிவிடுகின்றனர். அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்னும் பெயர் குறிப்பிட்ட சில மாவட்டங்களுக்கு என்று வரையறுத்தே எழுதப்பட்டிருப்பதற்கும் இம்மயக்கம் ஒரு புறத்தே நினைவிற்கொள்ளத்தக்கது.

இவர்கள் மலைச்சரிவில் புனம் எரித்துச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்தவர். புனம் பழந்தமிழ்ச் சொல். ஒரு துண்டு நிலத்தைச் சில ஆண்டுகள் பயிரிட்டுப் பின் பல ஆண்டுகள் ஆறவிடுவது அம்முறை. ஆறப்போட்ட நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு என்று ஏறியது. 1792இல் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமசு மன்றோவும் பாரமகாலில் தொடங்கிய நிலவரி முறை சமவெளிக்கென வகுக்கப்பட்டது. உழவடை நிலம், தரிசு, புறம்போக்கு என்னும் அதன் பாகுபாடு சமவெளியில் பொருள் தரும். ஆறவிடுதலே சாகுபடியின் ஒரு பகுதியாகிய மலையில் அது பொருந்தவில்லை. தரிசு என எழுதப்பட்டது விற்கத்தக்கதாயிற்று, விற்கப்பட்டது தோட்டமாயிற்று. ஒரு சொல்லின் பிழையான பெயர்ப்பு ஒரு குடியின் நிலத்தை இவ்வாறு கைமாற்றியது என்று கூறின் அது மிகையன்று. மலையாளிகளிற் பலர் தம் மலையிலேயே கூலியாயினர். கொத்தும் கூடையுமாகத் தோட்டத்திற்குச் சென்றவர் அங்கிருந்து கொண்டுவந்த நாற்றுகளைத் தம் வீட்டோரத்துப் பலாமர நிழலில் நட்டதிலிருந்துதான் சிறு காப்பி வளர்ந்தது எனக் கொள்வது பொருந்தும். மலைக்காப்பியைப் பொறுத்தவரை தோட்டமே பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

கீழ்ப்பழனி மலையின் கதை சற்று வேறு. அங்கே பட்டிவீரன்பட்டியைச் சார்ந்த நாடார் குடும்பங்கள் காப்பித் தோட்டங்களையும் பதனிடும் ஆலைகளையும் அமைத்தன. சுயமரியாதை இயக்கத் தலைவர்களுள் ஒருவராகிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் அவ்வூரார். துரையின் இடத்தில் தமிழர் அமர்ந்தனர். எனினும் பதனிடல், தரம்பிரித்தல் ஆகியவற்றின் சொற்கள் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன.

வடக்கே நிலைமை சட்டத்தால் வேறுபட்டது. விசாகப்பட்டினத்து மலைப்பகுதி 1839ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொது நீதிமன்ற ஆட்சியிலிருந்து விலக்கி, கலெக்டரை ஏஜெண்டாகக் கொண்டு ஆளப்பட்டது. ஏஜென்சி என்னும் சொல் தெலுங்கில் இன்றும் அம்மலைகளைக் குறிக்கும் பெயராகவே வழங்குகிறது. அதிகாரியின் பதவிப்பெயர் நிலப்பெயராயிற்று. சுதந்திரத்திற்குப் பின் அப்பகுதி அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் வந்தது. 1959இன் நிலமாற்ற ஒழுங்குவிதியும் 1970இல் அதற்கு வந்த திருத்தமும் அங்கே பழங்குடியல்லாதாருக்கு நிலம் மாறுவதைத் தடுக்கின்றன. 1997இல் உச்ச நீதிமன்றம் சமதா வழக்கில், அவ்விதியில் வரும் 'பர்சன்' என்னும் சொல் அரசையும் உள்ளடக்கும் என்று பொருள் கொண்டது. அனந்தகிரி மலையின் சுரங்கக் குத்தகைகள் அவ்வொரு சொல்லின் பொருளால் செல்லாவாயின. மொழிபெயர்ப்பாளர் இங்கே ஒரு கணம் நிற்றல் வேண்டும். அச்சொல்லை 'நபர்' என்று தமிழாக்கினால் அரசு அதனுள் அடங்காது. 'ஆள்' என்றால் இன்னும் மோசம். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக எந்த மலையும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே கொல்லிமலையாரின் காப்பி நிலத்திற்கு அவ்வட்டவணையின் வழி வரும் காப்பு எதுவும் இல்லை. சித்தூர் மாவட்டமும் அப்பகுதிகளுள் அடங்காது.

அரக்கில் காப்பி பரவியது அண்மைக் காலத்தது. 1960களில் வனத்துறை காப்பி பயிரிட்டது. பின்னர்ப் பாடேருவிலுள்ள ஒருங்கிணைந்த பழங்குடி வளர்ச்சி முகமையும் காப்பி வாரியமும் சேர்ந்து பழங்குடிக் குடும்பங்களின் சிறு நிலங்களில் அதனைப் பரப்பின. அங்கே தோட்டம் முந்திச் சிறு விவசாயி பிந்தி வந்த தென்னக வரிசை பெருமளவு இல்லை. 1956இல் தோன்றிய கிரிஜன கூட்டுறவுக் கழகம் கொள்முதல் செய்கிறது. 2019இல் அரக்குப் பள்ளத்தாக்கு அரபிக்காவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சிறு என்பது எவ்வளவு

1929க்குப் பிந்திய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் அதனையடுத்த போரும் இந்தியக் காப்பியின் ஐரோப்பியச் சந்தையை முடக்கின. 1940இல் ஓர் அவசரச் சட்டமும் 1942இல் காப்பிச் சட்டமும் வந்தன. காப்பி வாரியம் பெங்களூரை இருப்பிடமாகக் கொண்டது. விளைந்த காப்பியைப் பூல் எனப்பட்ட பொதுத் தொகுப்பில் ஒப்படைத்தல் கட்டாயமாயிற்று. தரத்திற்கேற்பப் பாயிண்டுகள் கணக்கிடப்பட்டு, விற்பனை முடிய முடியப் பணம் தவணைகளாக வந்தது. விலை உறுதி, பணம் தாமதம். பெரிய தோட்டம் தாமதத்தைத் தாங்கும். ஓரேக்கர் உடையவர் தாங்கார். அவர் தம் பழத்தை வியாபாரியிடம் முன்பணத்திற்கு விற்றார். தொகுப்பில் ஒப்படைத்த பெயர் வியாபாரியினுடையதாயிற்று. 1989 ஜூலையில் பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் ஒதுக்கீட்டு முறை வீழ்ந்தது. 1992இல் தொடங்கி 1996க்குள் கட்டாயத் தொகுப்பு படிப்படியாக நீக்கப்பட்டது. அதன் பின் கொல்லிமலையின் விலையை நியூயார்க் நேரடியாக வரையறுத்தது. 2001இல் அரபிக்காவின் உலக விலை ஒரு பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே சரிந்தது. 2025 பிப்ரவரியில் அதே பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. இவ்வேற்றத்தாழ்வை முன்னறிந்து நடக்கும் வலு இருப்பு வைக்க இடமுடையவர்க்கே உண்டு.

அரசின் உதவிகள் யாருக்குச் செல்கின்றன என்பது ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்தது. காப்பி வாரியத்தின் வழக்கில் 10 ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ 25 ஏக்கர் வரை, உடையவர் எல்லாரும் 'ஸ்மால் குரோயர்'. இந்தியாவின் காப்பி நிலவுடைமைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் இவ்வகையின. இதனைத் தமிழில் 'சிறு விவசாயி' என்று எழுதுவது பெருவழக்கு. ஆனால் தமிழக வேளாண் நிருவாகத்தில் சிறு விவசாயி என்பது 5 ஏக்கருக்கு உட்பட்டவர். இரண்டரை ஏக்கருக்கு உட்பட்டவர் குறு விவசாயி. ஆகவே 20 ஏக்கர் காப்பியும் மிளகும் உடைய ஒருவர் பெங்களூரில் சிறியவர், சேலத்தில் பெரியவர். கொல்லிமலையில் ஓரேக்கர் உடையவர் சேலத்தில் குறு விவசாயி. பெங்களூர்க் கணக்கிலோ அவருக்கெனத் தனிச்சொல் கிடையாது. அவர் இருபதேக்கர்காரரோடு சேர்த்து எண்ணப்படுகிறார். உதவியில் போட்டியிட நேர்வதும் அவரோடுதான். 2010இல் சிறு விவசாயிகளுக்கெனக் காப்பிக் கடன் நிவாரணத் திட்டம் வந்தபோது பயன்பெற்றவர் வங்கிக் கடன் உடையோர். வங்கியில் கடன் பெறப் பட்டா வேண்டும். பட்டாவின்றி வியாபாரியிடம் கடன்பட்டவர் 'சிறு விவசாயி' என்னும் சொல்லுள் இருந்தார், திட்டத்துள் இல்லை. பிளாண்டர், குரோயர், ஓனர் என ஆங்கிலம் வேறுபடுத்தும் மூன்றையும் செய்தித்தாள்கள் 'காப்பி விவசாயி' என ஒன்றாக்கும் வழக்கமும் இம்மயக்கத்தை வளர்க்கிறது. வாரியத்தின் சொல்லுக்குப் 'பத்து ஹெக்டேருக்கு உட்பட்டோர்' என்று எழுதுவது அழகற்றதே. ஆயினும் அதுவே சரி.

செர்ரி

மயக்கந்தரும் சொற்களுள் மிகுந்த இழப்பை விளைப்பது செர்ரி. தொழில்வழக்கில் இதற்கு இரு பொருள் உண்டு. செடியிலிருந்து பறித்த ஈரப்பழம் செர்ரி. பழத்தை உரிக்காது தோலோடு களத்தில் உலர்த்தியதும் செர்ரி. பழத்தோலை நீக்கி, புளிக்கவைத்துக் கழுவி, மேலுறையோடு உலர்த்தியது பார்ச்மென்ட். ஏறத்தாழ 6 கிலோ ஈரப்பழம் ஒரு கிலோ பச்சைக் கொட்டை தரும். 50 கிலோ உலர் செர்ரி மூட்டை அதில் ஏறத்தாழப் பாதியைத் தரும். 50 கிலோ பார்ச்மென்ட் 40 கிலோ அளவு தரும். விலைகள் நாள்தோறும் 50 கிலோ மூட்டைக்கு 'அரபிக்கா செர்ரி', 'அரபிக்கா பார்ச்மென்ட்' என்று அறிவிக்கப்படுகின்றன. அறிவிப்பில் உள்ளது உலர் செர்ரி. மலைச்சந்தையில் விற்பவர் கையில் இருப்பது ஈரச்செர்ரி. கணக்கு அறியாத ஒருவர் அறிவித்த விலையை எதிர்பார்த்து ஏமாறுகிறார். கணக்கு அறிந்த வியாபாரி அம்மயக்கத்தைத் தீர்த்துவைக்க வேண்டிய கடப்பாடு எதுவும் உடையவர் அல்லர்.

பழம் பறித்த அன்றே தோல் நீக்கப்பட வேண்டும். அதற்குப் பல்பர் எனப்படும் பொறியும் மிகுந்த நீரும் தேவை. இரண்டும் இல்லாதவர் பழமாகவே விற்பர், அல்லது வாசலில் உலர்த்துவர். இலங்கைத் துரைமார் சிமெண்டுக் களத்தைப் பார்பெக்யூ என்றனர். சிறு விவசாயியின் களம் பாறையோ சாணம் மெழுகிய தரையோ தார்ப்பாயோ ஆகும். மண்வாடை ஏறிய கொட்டை தரமிழக்கும். ஈரப்பதம் 10, 11 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் எடையில் கழிவு உண்டு. ஆனால் அதனை அளக்கும் கருவி வாங்குபவரிடமே இருக்கிறது. 'ஈரம்' என்னும் எளிய தமிழ்ச்சொல் இங்கே அளவீட்டுச் சொல்லாகி விற்பவர் கைவிட்டுப் போகிறது. தமிழில் ஈரப்பழம், தோல்வற்றல், உறைக்கொட்டை, பச்சைக்கொட்டை என நான்கு நிலைக்கும் நான்கு சொல் வகுப்பது கடினமன்று. இவை வழக்கூன்ற வேண்டுமாயின் விலைப்பலகையில் எழுதப்பட வேண்டும். அகராதியில் எழுதினால் போதாது.

நோய்ச் சொற்களிலும் இந்நிலையே. அரபிக்காவின் பெரும்பகை வெள்ளைத் தண்டுத்துளைப்பான். தாய்வண்டு பட்டையின் வெடிப்பில் முட்டையிட, புழு தண்டினுள் சுரங்கம் செல்கிறது. பாதித்த செடியைத் தேடிப் பிடுங்கி எரிப்பதே தீர்வு. அத்தேடலைத் தோட்டங்களில் ட்ரேசிங் என்பர். தண்டின்மேல் எழும் வரம்பைக் கையால் தடவிப் பார்ப்பர். வெயில் மிகுந்த இடத்தில் வண்டு மிகும். விலை சரிந்த ஆண்டுகளில் சில்வர் ஓக் முதலிய நிழல் மரங்களை வெட்டி விற்றுக் கடன் தீர்ப்பது சிறு நிலத்தில் நிகழ்வதே. நிழல் போனால் வண்டு வரும், செடி பிடுங்கப்படும், புதிய செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள். பெருந்தோட்டம் பகுதி பகுதியாக மறுநடவு செய்யும். ஓரேக்கரில் பகுதி என்பதற்கு இடமில்லை. 1990இல் கூடலூரில் முதன்முதல் காணப்பட்ட காய்த்துளைப்பானுக்கும் தீர்வு, உதிர்ந்த பழம் ஒன்றையும் தரையில் விடாது பொறுக்குதல். அதற்கு ஆள் வேண்டும். மலையின் இளைஞர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் பொறுக்குவோர் முதியோரே.

காடு

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் காடழிப்பு ஒழுங்குவிதி ஒன்றை இயற்றியது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி அங்கே விற்கப்படலாகாது. விளைந்த ஒவ்வொரு நிலத்தின் புவி அமைவிடமும் தெரிவிக்கப்பட வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் பலமுறை தள்ளிவைக்கப்பட்டுள்ளது. இந்தியக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாவது. அதில் ஐரோப்பாவின் பங்கு மிகுதி. ஆகவே இவ்விதி விவசாயிகளுக்கு அவர்தம் மொழியில் எடுத்துச் சொல்லப்பட வேண்டிய ஒன்று. அரக்கின் அட்டைகள் தெலுங்கில், கொல்லிமலையின் அட்டைகள் தமிழில், இரண்டும் ஆங்கிலத்திலிருந்து. ஒரு மலையின் பட்டறிவு மற்றொரு மலைக்குத் தெலுங்கிலிருந்து நேரே தமிழுக்கு வருவதற்கு வழி உண்டு. சித்தூர், திருப்பதிப் பகுதியின் இருமொழியாளர் அதற்கு இயல்பாகவே தகுதியுடையோர். அவ்வழி இதுவரை பெரும்பாலும் பயன்படுத்தப்படவில்லை.

அவ்விதியின் முதற்சொல்லிலேயே இடர் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் நிலத்துண்டைக் குறிக்கும் சொல்லை 'மனை' என்று பெயர்த்தால் வீடுகட்டும் இடமாகும். 'புல எண்' என்றால் பட்டா இல்லாதவர்க்கு அது இல்லை. காடு என்னும் சொல் அதனினும் சிக்கலானது. நகரத் தமிழிலும் எழுத்துத் தமிழிலும் காடு என்பது மரஞ்செறிந்த வனம். சேலம், நாமக்கல், கொங்குப் பகுதிகளின் வழக்கில் காடு என்பது மழையை நம்பி உழும் புன்செய் நிலம். 'காட்டுக்குப் போயிருக்கிறார்' என்றால் வயல்வேலைக்குப் போயிருக்கிறார் என்பதே பொருள். அவ்வழக்குடைய ஒருவரிடம் 'காடழித்துக் காப்பி நட்டீரா' என்று கேட்டால், சாமைக் கொல்லையை மாற்றிக் காப்பி வைத்த எவரும் ஆம் என்றே விடை கூறுவர். அவ்விடை படிவத்தில் ஏறினால் அவர் காப்பி ஐரோப்பாவுக்குச் செல்லத் தகாததாகும். வனத்துறைக்கு உரியது என்ற பொருளில் மலைமக்கள் பாரஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல்லையே பெரிதும் ஆள்கின்றனர். படிவத்தைத் தமிழாக்குவோர் தூய்மை கருதி அதனை நீக்கிக் காடு என்று இட்டால் பொருள் தலைகீழாகும். கொல்லிமலையில் வாழையும் பலாவும் மிளகும் வந்து குவியும் சந்தை கூடும் ஊரின் பெயர் சோளக்காடு. அங்கே அப்பெயரைக் கேட்டு வனத்தை எண்ணுவார் ஒருவரும் இலர்.